காலிக் கட்டத்துச் சிப்பாய்

டிப்போ மேனேஜர் யோசிக்கவே இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஆள் சாதாரணமாகச் செஸ் பலகையில் ஒரு சிப்பாயை நகர்த்துவதற்கே கன்னத்தில் கை வைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றி, எதிரே இருப்பவரின் உயிரை வாங்கிவிட்டுத்தான் கையை நீட்டுவார். போன சுற்றில் அவரோடு ஆடிய மருந்துக்கடைக்காரர் பாதியில் தூங்கியே விழுந்துவிட்டார். அப்பேர்ப்பட்டவர் இன்றைக்கு அவள் காயை வைத்துக் கையை எடுப்பதற்குள் தன் காயை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மழையை வேடிக்கை பார்க்கிறார். பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்த பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி அவர் ஆட்டம் வரிசையாக வந்துகொண்டிருந்தது.

அவள் ஆடியதோ யாரும் எங்கேயும் பார்த்திராத ஆட்டம். அவளே யோசித்து யோசித்துச் செய்தது. கறுப்புக் காய் கிடைத்தால் ஆட வேண்டும் என்று போட்டி முழுக்க வெளியில் காட்டாமல் பொத்தி வைத்திருந்தாள். நூலக மாடியில் நடக்கிற இந்தப் போட்டியில் மிச்சம் இந்த ஒரே ஆட்டம்தான். இரண்டு பேரும் சமமாக நிற்கிறார்கள். ஜெயிப்பவருக்கு ஊர் அணியில் முதல் பலகை. வெளியூருக்கு அணி போனால் முதல் நாற்காலி அவருக்குத்தான். வருஷக்கணக்காக அந்த நாற்காலியில் டிப்போ மேனேஜர்தான் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி மடிக்கிற ஒரு பொம்பளை அங்கே வந்து உட்காருவாள் என்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை. அவள் மட்டும் நினைத்திருந்தாள்.

தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். யார் சொன்னது?

இந்த ஆட்டத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி கம்பெனியில் பக்கத்து மேஜையில் பசை தடவுகிறவள். அவளுக்குக் குதிரைக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாது. இன்னொருவர் கட்டின புருஷன்.

கம்பெனியில் அவள் வேலை மடிப்பு. மெஷினில் கோடு போட்டு வருகிற அட்டையை, கோடு தவறாமல் இரண்டு பக்கமும் நிறுத்தி, அடியை மூடி, பசைக்காரி பக்கம் தள்ள வேண்டும். வெயில் காலத்தில் அட்டை விறைப்பாக, சொன்ன பேச்சைக் கேட்கும். மழை வந்துவிட்டால் ஈரத்தைக் குடித்துத் தொளதொளவென்று ஆகிவிடும். கோட்டில் மடியாமல் கோட்டுக்குப் பக்கத்தில் மடியும். அந்த நாட்களில் சூப்பர்வைசர் வாயில் நல்ல வார்த்தையே வராது. மழைக்கு அவள்தான் காரணம் என்பது போலக் கத்துவான். அட்டை விளிம்பு விரலைக் கிழித்த காயங்களில் பசை பட்டால் சுரீரென்று எரியும். எரிச்சலைப் பார்த்தால் சம்பள வேலை ஆகுமா.

அந்த மேஜையில்தான் ஆட்டம் பிறந்தது. கை தன்பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்க, மண்டைக்குள் பலகை ஓடும். பெட்டி மடிப்பதைப் போலவே ஒரு தொடக்கம் ஏன் இருக்கக்கூடாது என்று ஒரு மழை நாளில் தோன்றியது. எதிராளியின் சிப்பாய் நடுவில் ஏறி வந்தால் எல்லோரும் உடனே தடுப்பார்கள். தடுக்கக்கூடாது. வரட்டும் என்று விட வேண்டும். இரண்டு பக்கத்திலும் குதிரையையும் மந்திரியையும் நிறுத்த வேண்டும். கடைசியில் ராணியைக் கொண்டுவந்து அடியை மூட வேண்டும். உள்ளே வந்த சிப்பாய் வெளியே போக வழி தெரியாமல் செத்துப்போகும். அதற்கு அவள் வைத்த பெயரும் மடிப்புதான்.

“அக்கா, கை பெட்டியில இருக்கு, கண்ணு எங்கயோ இருக்கு,” என்பாள் பசைக்காரி.

“குதிரை மேல இருக்கு.”

“என் வீட்டுக்காரருக்கும் கண்ணு எப்பவும் எங்கயோதான் இருக்கும். குதிரை மேல இருந்தாத் தேவலயே.”

“அடி வாங்கப்போற நீ. பசை காயுது பாரு.”

“காயட்டும். நீங்க அந்த டிப்போக்காரரை ஒருநாள் மடிச்சு வெச்சீங்கன்னா நான் ஒட்டிக் குடுக்கறேன். மேல விலாசம் மட்டும் நீங்க எழுதிக்குங்க.”

அவள் செஸ் கற்றுக்கொண்டது புருஷனின் சலூன்கடையில். காத்திருக்கிறவர்களுக்காக பெஞ்சில் ஒரு பலகை கிடக்கும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவன் சாப்பிட்டுப் பாத்திரத்தைத் தருகிற வரை நின்று பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். கடையில் அவனை அடிக்க ஆள் கிடையாது என்று பேர். ஒருநாள் வீட்டில் வைத்து அவள் அவனை அடித்தாள். சும்மா இல்லை, சுத்தமாக அடித்தாள். அன்றோடு அவனுக்குக் கண் வலிக்க ஆரம்பித்துவிட்டது. கடையில் நாளெல்லாம் ஆடினால் வலிக்காத கண், வீட்டில் அவளைப் பார்த்தால் மட்டும் வலித்தது.

கடைப் பலகையில் ஒரு கறுப்புச் சிப்பாய் இல்லை. எப்போதோ முடியோடு முடியாகக் கூட்டித் தள்ளியாயிற்று. ராணிப் பக்கத்து யானைக்கு அடுத்த வரிசை, குதிரை முன்னால் நிற்கிற சிப்பாய் அது. அதற்குப் பதிலாக ஷேவிங் க்ரீம் ட்யூபின் மூடியை வைத்து ஆடுவார்கள். ஆனால் மூடி இல்லாவிட்டால் க்ரீம் காய்ந்துவிடும் என்று அவன் அடிக்கடி அதை எடுத்து ட்யூபிலேயே திருகிவிடுவான். அப்போது அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும். காலியாக இருந்தாலும் அங்கே சிப்பாய் நிற்பதாகத்தான் கணக்கு. நகர்த்த வேண்டிய நேரம் வந்தால் ட்யூபிலிருந்து திருகி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அவன் போட்ட சட்டம். கடைக்கு வழக்கமாக வருகிற எல்லோருக்கும் தெரியும். புது ஆள் யாராவது தெரியாமல் அந்தப் பக்கம் காயைக் கொண்டுபோய் ஏமாந்தால், கடை முழுக்க ஒரே சிரிப்பாக இருக்கும்.

மடிப்பை அவனுக்குக் காட்டியது அவள் செய்த முட்டாள்தனம். வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து காய் நகர்த்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தாள்.

“ஏங்க, இதை யாருக்கும் காட்டிடாதீங்க. டிப்போ மேனேஜர் உங்க கடைக்குத்தான் வர்றாரு.”

“என்னை என்ன ஓட்டவாய்னு நெனச்சியா? நம்ம ஆட்டத்தை நானே காட்டிக் குடுப்பனா?”

நம்ம ஆட்டம். அப்போதே அவளுக்குச் சுருக்கென்றது. அவள் கொண்டுவந்த தையல் மெஷின் நம்ம மெஷின். அவள் தேடிப் பிடித்த வாடகை வீடு நம்ம வீடு. ஆனால் சலூன் மட்டும் என் கடை, அவன் சைக்கிள் என் சைக்கிள். அவளுடையதெல்லாம் பொதுவில் போய்ச் சேரும், அவனுடையது அவனிடமே இருக்கும். இத்தனை வருஷமும் அதைச் சிரித்துக்கொண்டே விட்டிருக்கிறாள். சரி, இதையும் விடுவோம் என்று விட்டாள்.

இப்போது நூலக மாடியில் மழைச் சத்தத்துக்கு நடுவே அதையெல்லாம் நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஏறியது. மேனேஜர் மடிப்புக்கு நேராகவே வந்தார். சிப்பாயை நடுவில் ஏற்றினார், அவள் இரண்டு பக்கமும் காயை நிறுத்த விட்டார், ராணி வந்து அடியை மூடவும் விட்டார். மூடி முடித்ததும் லேசாகச் சிரித்தார். தன் மந்திரியை எடுத்து, அவள் ராஜாவுக்குப் பக்கத்திலிருந்த சிப்பாயை வெட்டி, “செக்,” என்றார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சும்மா ஒரு மந்திரியைத் தூக்கிக் கொடுக்கிறார். ராணியால் அதை வெட்டலாம். வெட்டினால் ராணி அவள் குதிரையைக் காவல் காக்கிற இடத்தை விட்டு விலகிப்போகும். அப்புறம் அவர் தன் ராணியால் குதிரையை வெட்டிக்கொண்டே ராஜாவுக்குச் செக் வைத்து, அடுத்து மூலையில் இருக்கிற யானையையும் அள்ளிக்கொண்டு போவார். திட்டம் அதுதான், அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் குழப்பமே வந்தது. குதிரைக்கு ராணி மட்டுமா காவல்? குறுக்கே ஒரு சிப்பாய் நிற்கிறதே. இன்னும் ஒரு அடிகூட நகராத சிப்பாய். இந்த மனுஷனுக்குக் கண் தெரியவில்லையா?

வேறு ஏதோ சூது இருக்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ராணியால் மந்திரியை வெட்டினாள்.

மேனேஜர் பலகையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார். அவள் முகம் எப்படிச் செத்துப்போகிறது என்று பார்க்க ஆசை. வலது கையில் தன் ராணியை எடுத்தார், இடது கையால் அவள் குதிரையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் கண் கீழே போனது. குதிரை நின்ற கட்டத்துக்குக் குறுக்கே அந்தச் சிப்பாய் அமைதியாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு கையும் அப்படியே அந்தரத்தில் நின்றன.

நடுவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். குனிந்து, “ரெண்டையும் தொட்டாச்சு சார். வெட்டித்தான் ஆகணும்,” என்றார்.

“தெரியும்யா. எனக்கே சட்டம் சொல்லாத.”

குதிரையை வெளியே வைத்துவிட்டு ராணியை அந்தக் கட்டத்தில் வைத்தார். அவள் சிப்பாயால் ராணியை வெட்டினாள். அதற்கு மேல் ஆட என்ன இருக்கிறது. ராஜாவைச் சாய்த்துப் போட்டார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

“இந்தச் சிப்பாய் எங்கருந்து வந்துச்சு?”

“அது எங்கயும் போகல சார். ஆரம்பத்துலருந்து அங்கயேதான் நிக்குது.”

“உங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்ச ஆட்டத்துல அந்தக் கட்டம் காலியா இருந்துச்சேம்மா.”

“யாரு கண்டுபிடிச்சது?”

“உங்க வீட்டுக்காரர். ஷேவிங் பண்ணிக்க உக்காந்திருந்தேன். சோப்பைப் போட்டுட்டு பலகையைக் கொண்டாந்து மடியில வெச்சுட்டாரு. இது என் மூளையில உதிச்சது சார், உங்களால இதை உடைக்க முடியுதா பாருங்கன்னாரு. பொண்டாட்டிக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன், பாவம் அவளுக்கு எவ்வளவு புரிஞ்சுதோன்னு சிரிச்சாரு. வீட்டுக்குப் போய்ப் பையன் கம்ப்யூட்டர்ல அப்படியே போட்டுப் பாத்தேன். மந்திரியைக் குடுன்னுதான் அதுவும் சொல்லிச்சு.”

மூடி அன்றைக்கு ட்யூபில் இருந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

டிரில் மாஸ்டர் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லி, முதல் பலகை என்று அறிவித்தார். கை தட்டினார்கள். பசைக்காரி பின்வரிசையிலிருந்து விசில் அடித்தாள். ஜெயித்தவள் காதில் எதுவும் ஏறவில்லை. பாவம் அவளுக்கு எவ்வளவு புரிஞ்சுதோ என்பது மட்டும் காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

படி இறங்குகிற வரை பசைக்காரி வாய் ஓயவில்லை. டைலருக்குப் போன் போட்டு, மேனேஜர் இரண்டு கையிலும் காயோடு நின்றது வரை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாளாம். டைலர் கடை சலூனுக்கு அடுத்த கடை.

“அக்கா, சிரிங்களேன். ஜெயிச்சுட்டு வர்ற மூஞ்சியா இது?”

“யாரு ஜெயிச்சா?”

“இதென்ன கேள்வி. நீங்கதான்.”

“அந்தாளு தானா கிழிஞ்சு போய்ட்டாரு. நான் எங்க மடிச்சேன்? இத்தனை நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டு ஒண்ணு செஞ்சேன். அது ஜெயிக்குமா தோக்குமான்னு இனிமே எனக்குத் தெரியவே தெரியாது. அதை ஒருத்தரும் இனி என்கிட்ட ஆடவே மாட்டாங்க. ஊரு பூரா பாத்தாச்சு. தோத்திருந்தாக்கூட இவ்வளவு ஆத்திரம் வராது.”

“மேனேஜர் சொன்னதைக் கேட்டேன்க்கா. அண்ணன் விளையாட்டாச் சொல்லியிருப்பாரு.”

“எனக்கு அது விளையாட்டு இல்ல.”

பசைக்காரி குடையை அவள் பக்கம் சாய்த்தாள். அவள் வேண்டாம் என்று தள்ளிவிட்டு நனைந்துகொண்டே நடந்தாள். தெருவில் தண்ணீர் செருப்பை இழுத்தது. வாய்க்குள் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். ஒன்றும் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் எப்போதும் கூட்டம்தான். வாசலுக்கு வரும்போதே அவன் குரல் கேட்டது. ஒரு ஆளுக்கு முகம் முழுக்க நுரையைப் பூசிவிட்டு, கத்தியை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

“நான் என்ன கேனையா, மேனேஜர்கிட்ட நெஜத்தைக் காட்ட? வேணும்னேதான் மூடியை எடுத்து ட்யூப்ல மாட்டிட்டுப் பலகையை வெச்சேன். மனுஷன் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தாரு. அங்கயே தெரிஞ்சுபோச்சு, மீன் முள்ளை முழுங்கிடுச்சுன்னு. இது நம்ம ஆட்டம்யா. நம்மகிட்டயா?”

பெஞ்சில் இருந்த டைலர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “கடையில இருந்துக்கிட்டே ஜெயிச்சுட்டீங்களேண்ணே.”

அவள் உள்ளே வந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அவன் முகம் ஒரு நொடி செத்து, பிறகு சிரிப்பை மாட்டிக்கொண்டது.

“வா, வா. இப்பத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். நம்ம திட்டம் பலிச்சுதா இல்லையா?”

“நம்ம திட்டமா?”

“பின்ன?”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா உனக்குப் பதட்டமாயிடும். அதான் நான் மட்டும் மனசுல வெச்சுக்கிட்டேன்.”

பொய் எவ்வளவு வழுவழுவென்று வருகிறது பாருங்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பலகையை இழுத்து, காய்களை அடுக்கினாள். கறுப்பில் அந்த ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. மூடி கண்ணாடிக்குக் கீழே ட்யூபின் தலையில் இருந்தது.

“உக்காருங்க.”

“ஆளு நுரையோட உக்காந்திருக்காரு. அப்புறம் ஆடலாம்.”

நுரைக்காரர் கண்ணாடி வழியாகவே சொன்னார்: “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லண்ணே.”

“நீங்க கண்டுபிடிச்சதுதான? வெள்ளைக் காயை எடுத்துக்கிட்டு அதை உடைச்சுக் காட்டுங்க. என்னால முடியாது, எனக்கு எவ்வளவு புரிஞ்சுதோ.”

அவனுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. கத்தியை வைத்தான். வேறு வழியில்லை, இத்தனை பேர் பார்க்கிறார்கள். கண் வலிக்கிறது என்றும் சொல்ல முடியாது. உட்கார்ந்தான்.

நாலைந்து நகர்த்தல் வரை கெத்தாக வைத்தான். அதற்கு மேல் அவனுக்குத் தெரிந்தது கடைசிப் படம் மட்டும்தான், அதற்குப் போகிற வழி தெரியாது. அவள் வரிசையை லேசாக மாற்றினாள். அவன் கை தடுமாறியது. ஒரு காயைத் தொடப்போய் இன்னொன்றின் மேல் போய் நின்றது. ஆனாலும் குதிரையை மட்டும் தொடவில்லை. மேனேஜர் விழுந்த குழி அது. அதில் விழுவேனா என்று டைலரைப் பார்த்துக் கண் அடித்தான். ராணியை எடுத்து, அந்தக் குதிரைக்குத் தள்ளி, ஓரத்தில் ஒரு கட்டத்தில் ஜம்மென்று வைத்தான்.

“இப்ப என்ன பண்ணுவ? பக்கவாட்டுல வந்துட்டேன்ல.”

டைலர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். சிப்பாய்க்கு வெட்ட இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் குதிரை நிற்கிற கட்டம். இன்னொரு பக்கம் அவன் ராணியைக் கொண்டுவந்து வைத்த கட்டம்.

அவள் எழுந்து போய் கண்ணாடிக்குக் கீழே இருந்த ட்யூபை எடுத்தாள். மூடியைத் திருகினாள். அவசரப்படவில்லை. திரும்பி வந்து, அதைக் காலிக் கட்டத்தில் வைத்தாள். அங்கிருந்து குறுக்கே நகர்த்தி ராணியை வெட்டினாள். வெட்டிய ராணியை அவன் மடியில் போட்டாள்.

“அண்ணே,” என்றார் டைலர் மெதுவாக. “அங்க சிப்பாய் இருக்குல்ல.”

“அவரு போட்ட சட்டம்தான்,” என்றாள் அவள். “வேணும்னே மூடியை எடுத்தாராம். எடுத்தவருக்கே ஞாபகம் இல்ல.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவன் தப்பித்திருப்பான்.

“சொல்லுங்க. இது யாரு ஆட்டம்?”

“நம்ம வீட்டுல...”

“யாரு ஆட்டம்?”

“உன்னோடதுதான். இப்ப என்ன அதுக்கு?”

“எனக்குத் தெரியும். எனக்கு ஏன் சொல்றீங்க? அவங்களைப் பாத்துச் சொல்லுங்க.”

அவன் தலையைத் தூக்கினான். பெஞ்சிலும் கண்ணாடியிலும் எல்லா முகமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. நுரைக்காரரின் முகத்தில் நுரை காய்ந்து திட்டுத் திட்டாக நின்றது.

“அவ ஆட்டம்,” என்றான். “அவளா யோசிச்சது. பொண்டாட்டிகிட்ட கத்துக்கிட்டேன்னு சொன்னா என்னைப் பாத்துச் சிரிப்பீங்கன்னு நான் மாத்திச் சொன்னேன்.”

அதைக் கேட்டால் கோபம் தணியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தணியவில்லை. இத்தனை வருஷத்துக் கோபம் ஒரு வாக்கியத்தில் போய்விடுமா. பலகையிலிருந்து மூடியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“ஏய், மூடியைக் குடுத்துட்டுப் போ. க்ரீம் காஞ்சிடும்.”

“காயட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கினாள்.